மருந்தும் துஆவும்: ஏர்வாடி, சினிமா, தீராத ஒரு விவாதம்

தொலைக்காட்சியில் மறுபடியும் ‘சந்திரமுகி’ ஓடுகிறது. இஷா தொழுகை முடிந்து தேநீர்க் கடை வாசலில் நிற்கும் நண்பர்களிடையே பேச்சு கிளம்புகிறது. “எங்க பெரியம்மா மகளுக்கு இப்படித்தான் இருந்துச்சு காக்கா. ஏர்வாடியில நாப்பது நாள் தங்கினப்புறம்தான் சரியாச்சு” என்கிறார் ஒருவர். “தர்காவுல போய்க் கேக்கிறதே ஷிர்க்கு, இணைவைப்பு. அல்லாஹ்கிட்ட கேளுங்க, இல்லைன்னா டாக்டர்கிட்ட போங்க” என்று மறிக்கிறார் தவ்ஹீத் ஜமாஅத்தைச் சேர்ந்த தம்பி. “அதெல்லாம் இருக்கட்டும் பாய், ஒரே ராத்திரியில எந்த டாக்டர் குணமாக்குறார்?” என்று கேட்கிறார், கூட நிற்கும் இந்து நண்பர். கீழக்கரை, தொண்டி, காயல்பட்டினம் என்று தமிழ் முஸ்லிம்கள் வாழும் எந்த ஊருக்கும் இந்தப் பேச்சு புதிதல்ல. பேய், ஜின், சூனியம், நோய், மருந்து, சினிமா எல்லாம் கலந்து வரும். எவரும் எவரையும் ஒப்புக்கொள்ள வைப்பதில்லை. தேநீர் ஆறியதும் பேச்சும் கலைந்துவிடும்.

இந்தப் பேச்சில் எப்போதும் இல்லாதவர் ஒருவர் உண்டு. யாருக்காக இந்த வாதமோ அவர், அந்தப் பெரியம்மா மகள், ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. தர்காவை ஏற்பவரும் மறுப்பவரும், மருத்துவரும் திரைக்கதை எழுதுபவரும் அவரைத் தங்கள் வாதத்துக்கு ஒரு சான்றாக நிறுத்திவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இதன் விலை என்னவென்று தமிழ்நாட்டுக்குத் தெரியும். 2001 ஆகஸ்ட் 6 அன்று அதைக் கண்ணால் பார்த்தோம்.

சங்கிலியில் எரிந்தவர்கள்

இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் சுல்தான் சையிது இப்ராஹிம் ஷஹீத் பாதுஷா அடங்கியிருக்கிறார். மதீனாவிலிருந்து வந்தவர் என்கிறது மரபு. அவரது தர்கா மனநிலை பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணம் தரும் இடமாக நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. தர்கா விளக்கின் எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் குணமாக்கும் ஆற்றல் உண்டு என்பது நம்பிக்கை. நோயாளியின் கனவில் பாதுஷா வந்து வீடு திரும்ப உத்தரவு தரும்வரை காத்திருக்க வேண்டும் என்பது இன்னொரு நம்பிக்கை. அந்த உத்தரவு இரண்டு மாதத்திலும் வரலாம், வருடங்களும் ஆகலாம். வந்தவர்கள் முஸ்லிம்கள் மட்டுமல்லர். இந்துக்களும் கிறிஸ்தவர்களும் வந்தார்கள், தமிழ்நாட்டுக்கு வெளியிலிருந்தும் வந்தார்கள்.

இந்தக் காத்திருப்பு ஒரு தொழிலை உருவாக்கியது. தர்காவைச் சுற்றித் தனியார் நடத்திய காப்பகங்கள் முளைத்தன. மாதக் கட்டணம் கட்டிவிட்டு உறவினர்கள் ஊருக்குப் போனார்கள். பகலில் மரத்திலும் இரவில் கட்டிலிலும் நோயாளிகள் கட்டப்பட்டார்கள். கெட்டதை விரட்டுகிறோம் என்ற பெயரில் அடியும் விழுந்தது. அப்படிப்பட்ட ஒரு காப்பகத்தின் கீற்றுக் கொட்டகையில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் 43 பேர். சங்கிலியில் இருந்தவர்களால் ஓட முடியவில்லை. 25 பேர் அங்கேயே இறந்தார்கள், மொத்தச் சாவு 28 ஆனது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தீப்பிடித்தது தர்காவில் அல்ல. பாதுஷாவை நம்பி வந்தவர்களை வைத்துப் பிழைப்பு நடத்திய தனியார் இடத்தில். ஆனாலும் ஊரும் ஜமாஅத்தும் அரசும் அந்தச் சங்கிலிகளை நாள்தோறும் பார்த்துக்கொண்டேதான் இருந்தன. தீ அணைந்த ஒரு வாரத்தில் இத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் அரசுப் பராமரிப்புக்கு மாற்றப்பட்டார்கள். ஒரு வாரத்தில் செய்ய முடிந்ததை ஏன் அதற்கு முன் பல ஆண்டுகளாகச் செய்யவில்லை என்ற கேள்விக்கு இன்றுவரை நேர்மையான பதில் இல்லை.

உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. மனநலக் காப்பகங்களைக் கணக்கெடுக்கவும், உரிமமில்லாதவற்றை அனுமதிக்காமல் இருக்கவும் 2002-இல் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 95-ஆம் பிரிவில், எந்த வடிவத்திலும் எந்த விதத்திலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்தது. இருந்தும் 2019 ஜனவரியில் உத்தரப்பிரதேசத்தின் பதாயூன் மாவட்டத்தில் வழிபாட்டுத் தலம் ஒன்றைச் சார்ந்த காப்பகத்தில் மனிதர்கள் சங்கிலியில் கிடப்பது பற்றி அதே நீதிமன்றம் மீண்டும் விசாரிக்க வேண்டியிருந்தது. அங்கே கேட்ட சங்கிலியின் ஓசை நமக்குப் பழகிய ஓசைதான்.

திரையில் பார்த்து அழுதோம்

ஏர்வாடித் தீக்கு இருபது மாதங்களுக்கு முன், 1999 டிசம்பரில், பாலாவின் ‘சேது’ வெளிவந்தது. தலையில் அடிபட்டு மனநிலை பிறழ்ந்த நாயகனைப் பாண்டி மடம் என்ற காப்பகத்துக்குக் கொண்டுபோகிறார்கள். மொட்டைத் தலையும் காலில் சங்கிலியுமாக விக்ரம் நின்ற கோலத்தைத் தமிழ்நாடே பார்த்தது, கண்ணீர் விட்டது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது. காதல் தோற்றதற்காக அழுதோம். அந்தச் சங்கிலி நம் ஊர்களில் உண்மையாகவே இருக்கிறதே என்று அதிர்ந்தவர்கள் குறைவு. திரையில் சோகத்தைக் கூட்டும் பொருளாக இருந்தது ஏர்வாடியில் இருபத்தெட்டு பேரைக் கொன்றது.

தமிழ் சினிமாவில் மனநோயாளிக்கு நெடுங்காலம் இரண்டு வேடங்களே இருந்தன. ஒன்று கொலைகாரன்: ‘சிகப்பு ரோஜாக்கள்’ (1978), ‘மூடுபனி’ (1980), ‘ஆளவந்தான்’ (2001). மற்றது காதலில் கரைந்த பித்தன்: ‘குணா’ (1991), ‘சேது’. ‘அந்நியன்’ (2005) இரண்டையும் ஓர் உடலில் பூட்டியது. இவற்றில் கலையழகு மிக்க படங்கள் உண்டு. ஆனால் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவர், மாதம் ஒருமுறை மருத்துவமனை வரிசையில் நிற்பவர், நோயோடு குடும்பம் நடத்துகிறவர் இவற்றில் ஏறக்குறைய இல்லை. நோய் என்றால் ஒன்று கத்தி, இல்லையென்றால் கண்ணீர் என்று நம் கண் பழகிவிட்டது. அந்தக் கண்ணோடுதான் பக்கத்து வீட்டுக்காரரையும் பார்க்கிறோம்.

தேநீர்க் கடை நண்பர்கள் பார்த்த ‘சந்திரமுகி’க்கு மூலம் மலையாளத்தில் 1993-இல் வந்த ‘மணிச்சித்திரத்தாழ்’. மது முட்டத்தின் கதையை இயக்கியவர் ஆலப்புழைக்காரரான ஃபாசில். கங்காவாக நடித்த ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. தஞ்சாவூரிலிருந்து வந்த நாகவல்லி என்ற நடனக்காரியின் ஆவி புகுந்ததாக வீடே அஞ்சும்போது, மனநல மருத்துவரான சன்னி அதை ஆளுமைப் பிளவு என்று கண்டறிகிறார். அவர் மந்திரவாதியை விரட்டவில்லை என்பது கவனிக்க வேண்டிய இடம். நம்பூதிரியோடு சேர்ந்து பூஜையையே சிகிச்சையின் மேடையாக்குகிறார். கங்காவின் மனம் எந்த மொழியில் நோயைப் பேசியதோ, அதே மொழியில் அவளுக்கு விடை தருகிறார். ஒரு முஸ்லிம் இயக்குநர், இந்துத் தறவாட்டுக் கதையில், கிறிஸ்தவப் பெயர் கொண்ட மருத்துவரை வைத்து இதைச் சொன்னார்.

படத்தின் பொய்யும் இதே இடத்தில்தான் இருக்கிறது. இந்து நண்பர் கேட்டது சரி. ஒரே இரவில் எந்த மருத்துவரும் குணமாக்குவதில்லை. சிகிச்சை என்பது மாதக்கணக்கான பொறுமை. பக்கவிளைவு, மருந்து மாற்றம், மீண்டும் வரும் நோய், களைத்துப்போகும் குடும்பம் எல்லாம் அதில் உண்டு. உச்சக்காட்சியோடு நோய் முடிந்துவிடும் என்று எதிர்பார்த்துப் பழகிய குடும்பம், மூன்றாம் மாதம் மருந்தை நிறுத்திவிட்டு அடுத்த தர்காவையோ அடுத்த கோயிலையோ தேடுவதில் வியப்பில்லை.

ஜின்னைப் பற்றிய ஆயிரம் ஆண்டு வாதம்

தவ்ஹீத் தம்பியும் தர்காவை நம்புகிறவரும் மோதும் புள்ளி இன்று நேற்று தோன்றியதல்ல. ஜின் என்றொரு படைப்பு உண்டு என்பது குர்ஆன் சொல்லும் செய்தி, அதில் முஸ்லிம்களிடையே பிணக்கில்லை. அந்த ஜின் மனித உடலுக்குள் புகுந்து ஆட்டுவிக்குமா என்பதில்தான் பிணக்கு. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த முஃதஸிலா அறிஞர் அபூ அலி அல்ஜுப்பாயி அப்படிப் புக முடியாது என்றார். பதினான்காம் நூற்றாண்டில் மறைந்த இப்னு தைமிய்யா முடியும் என்றார். பைத்தியத்துக்கு அரபியில் உள்ள ‘மஜ்னூன்’ என்ற சொல்லே ஜின் என்ற சொல்லோடு வேர் பகிர்கிறது. தமிழகத்திலோ சூனியத்தால் எவருக்கும் தீங்கு வராது என்று தமிழ்நாடு தவ்ஹீத் ஜமாஅத் மேடை போட்டு மறுக்க, தர்காவை ஏற்காத மற்றச் சிலர் ஹதீஸை எடுத்துக்காட்டிச் சூனியம் உண்மையே என்கிறார்கள். ஆக, இந்த விவாதத்தில் இரண்டு தரப்புகள் மட்டும் இருப்பதாக நினைப்பது பிழை. தர்காவை மறுப்பவர் எல்லாரும் மருத்துவத்தின் பக்கம் வந்துவிடுவதில்லை. தர்காவுக்குப் பதிலாக ‘ருக்யா’ என்று ஓதிப் பார்ப்பவரிடம் போய், அங்கும் மாதங்களை இழப்பவர்கள் உண்டு.

மறக்கப்பட்ட இன்னொரு மரபும் இருக்கிறது. இன்றைய ஆப்கானிஸ்தானின் பல்க் பகுதியில் ஒன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிறந்தவர் அபூ ஸைத் அல்பல்கி. உடல்களின் நலமும் உள்ளங்களின் நலமும் பற்றி அவர் எழுதிய நூல், உடலுக்கு நோய் வருவதுபோல் உள்ளத்துக்கும் வரும் என்ற அடிப்படையிலிருந்து தொடங்குகிறது. கோபம், அச்சம், துக்கம், விடாத நச்சரிப்பான எண்ணங்கள் என்று நோய்களைப் பிரிக்கிறது. காரணம் தெரிந்து வரும் துக்கம் வேறு, காரணமே இல்லாமல் கவியும் துக்கம் வேறு, பின்னதற்கு உடலில் வேர் உண்டு என்று பகுக்கிறது.

நச்சரிக்கும் எண்ணங்களுக்கு நம் பள்ளிவாசல்களில் பழகிய பெயர் ‘வஸ்வாஸ்’. ஹவுளில் உட்கார்ந்து கையை மூன்று தடவைக்குப் பதில் முப்பது தடவை கழுவுகிறவர், வுளூ முறிந்துவிட்டதோ என்று தொழுகையைத் திரும்பத் திரும்பத் தொடங்குகிறவர் எல்லா மஹல்லாவிலும் ஒருவராவது இருப்பார். ஷைத்தானின் ஊசாட்டம், அதிகமாக ஓது என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். அவர் இன்னும் அதிகமாக ஓதி, இன்னும் அதிகமாகச் சந்தேகப்பட்டு, உள்ளுக்குள் நொறுங்குகிறார். எண்ணச் சுழற்சி நோயாக இருந்தால் அதற்கு மருந்தும் பயிற்சியும் உண்டு என்பதை அவரிடம் சொல்ல ஓர் இமாம் போதும்.

மத்தியகால இஸ்லாமிய நகரங்களின் ‘பீமாரிஸ்தான்’ எனும் மருத்துவமனைகளில் மனநோயாளிகளுக்குத் தனிப் பகுதிகள் இருந்தன. டமாஸ்கஸில் நூருத்தீன் 1154-இல் கட்டியதும், கெய்ரோவில் கலாவூன் 1284-இல் கட்டியதும் புகழ்பெற்றவை. துருக்கியின் எதிர்னேயில் இரண்டாம் பாயஸீத் 1488-இல் முடித்த மருத்துவமனையில் இசையும் நீரோசையும் சிகிச்சையாக இருந்தன. இதைப் பெருமையாகச் சொல்லும் மேடைப் பேச்சாளர்கள் மறுபாதியைச் சொல்வதில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் டமாஸ்கஸைப் பார்த்த பயணி இப்னு ஜுபைர், அங்குள்ள மருத்துவமனையில் சங்கிலியிட்ட பித்தர்களையும் பதிவு செய்திருக்கிறார். பொற்காலத்திலும் சங்கிலி இருந்தது. ஆகவே பழையதைத் திருப்பிக் கொண்டுவந்தால் போதும் என்று சொல்ல முடியாது. பழையதிலிருந்து எதை எடுப்பது என்று தேர்ந்தெடுக்க வேண்டும்.

எடுப்பதற்கு நிறைய இருக்கிறது. தூங்குபவர் விழிக்கும்வரை, குழந்தை வளரும்வரை, புத்தி பேதலித்தவர் தெளியும்வரை அவர்கள்மீது குற்றம் எழுதப்படாது என்கிறது நபிமொழி. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு இறைவனிடம் பொறுப்பை ஒப்படை என்பது இன்னொன்று. எல்லா நோய்க்கும் மருந்து இறக்கப்பட்டிருக்கிறது என்பது மற்றொன்று. தமிழ் முஸ்லிம் மரபில் பித்துக்கு மரியாதையும் இருந்தது. தொண்டிப் பக்கத்துக் குணங்குடியில் பிறந்த சுல்தான் அப்துல் காதிரை ‘மஸ்தான்’ என்றே ஊர் அழைத்தது. இறைக்காதலின் போதையில் தன்னை மறந்தவர் என்று அதற்குப் பொருள். பித்தனைப் பாவலராகக் கொண்டாடத் தெரிந்த சமூகம், பித்தனைக் கட்டிப்போடவும் செய்தது. இரண்டும் நம் மரபுதான்.

பேசத் தொடங்கியவர்கள்

சினிமாவுலகில் வெளிப்படையாகப் பேசிய முஸ்லிம்கள் இந்த விவாதத்தை வேறிடத்துக்கு நகர்த்தியிருக்கிறார்கள். இருபத்தைந்து வயதுவரை தற்கொலை எண்ணம் வந்துகொண்டிருந்ததாக 2018-இல் ஏ. ஆர். ரஹ்மான் சொன்னார். ஒன்பது வயதில் தந்தையை இழந்தவர் அவர், தர்கா மரபில் ஆழ்ந்த பற்றுள்ளவர். ‘தங்கல்’ படத்தில் நடித்த காஷ்மீரிப் பெண் ஸாயிரா வசீம், மனச்சோர்வும் பதற்றமும் தன்னைப் பல ஆண்டுகளாக வாட்டுவதாக 2018-இல் எழுதினார். மறு ஆண்டு, சினிமா தன் ஈமானுக்கு இடையூறாக இருக்கிறது என்று சொல்லி நடிப்பிலிருந்தே விலகினார். இசையில் நிம்மதி கண்டவர் ஒருவர், திரையைத் துறந்து நிம்மதி தேடியவர் இன்னொருவர். இவர்களில் யார் சரியான முஸ்லிம் என்று வழக்காடுவது எளிது. இருவரும் வலியை மறைக்கவில்லை என்பதே நமக்கு உதவும் செய்தி. ஃபாசிலின் மகன் ஃபஹத் ஃபாசில், கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் சேர்ந்த ஏ.டி.ஹெச்.டி. தனக்கு இருப்பது 41 வயதில்தான் கண்டறியப்பட்டதாக 2024-இல் ஒரு பொது மேடையில் கூறினார்.

புகழ் பெற்றவர்கள் சொல்ல முடிந்ததைச் சாதாரண வீடுகள் சொல்ல அஞ்சுகின்றன. மகளுக்கு வரன் அமையாது, மஹல்லாவில் பேச்சு வரும் என்ற பயம். தற்கொலையில் போனவருக்கு ஜனாஸா தொழுகை உண்டா என்ற கேள்வி அதைவிடக் கொடியது. தலைமை வகிப்பவர் விலகி நிற்கலாம், மக்கள் தொழவேண்டும் என்பதே பெரும்பான்மை அறிஞர்களின் கருத்து. அறிவு தெளிவாக இல்லாதவர்மீது குற்றமில்லை என்ற விதியும் இருக்கிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும் என்று 2017 சட்டத்தின் 115-ஆம் பிரிவும் கூறுகிறது. மார்க்கமும் சட்டமும் கருணை காட்டும் இடத்தில் ஊர் மட்டும் கடுமை காட்டினால், குடும்பம் நோயை மறைக்கும். மறைத்த நோய் முற்றும்.

எங்கே சந்திப்பது?

தர்காவையும் கோயிலையும் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவது முற்போக்காகத் தோன்றும். ஆய்வுகள் அவ்வளவு எளிதாக ஒதுக்கவிடவில்லை. திண்டுக்கல் மாவட்டத்தில் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 நோயாளிகளை ரகுராமும் உடனிருந்த ஆய்வாளர்களும் கவனித்து 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கியவர்களின் நோய்க்குறி அளவீடு ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்திருந்தது.  உறவினர் உடனிருந்தார், அன்றாட வேலைகளில் நோயாளிக்குப் பங்கிருந்தது, மிரட்டல் இல்லாத இடமாக அது இருந்தது. சிறிய ஆய்வுதான், ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இல்லை. ஆனாலும் ஏர்வாடியில் எரிந்த கொட்டகையோடு இதை வைத்துப் பார்க்கும்போது ஒன்று புலப்படுகிறது. நம்பிக்கை ஓர் இடத்தில் மனிதரைத் தாங்கியது, மற்றோர் இடத்தில் அவரைப் பூட்டியது. அங்கே உறவினர் கூடவே இருந்தார், இங்கே கட்டணம் கட்டிவிட்டுப் போய்விட்டார்.

மகாராஷ்டிரத் தர்காக்களை ஆராய்ந்த புனேயின் பார்கவி தாவரும் மதுரா லோஹோகரேயும், துயருற்றவர்களுக்கு அவை உண்மையான ஆறுதல் இடங்கள் என்று 2009-இல் வாதிட்டார்கள். குஜராத்தின் உனாவாவில் உள்ள மீரா தாதார் தர்காவில் மனநல மருத்துவர்களும் தர்காப் பணியாளர்களான முஜாவிர்களும் கைகோத்தார்கள். முஜாவிர் துஆ செய்கிறார், பிறகு மருத்துவரிடம் அனுப்புகிறார். ‘தவா–துஆ’, அதாவது மருந்தும் பிரார்த்தனையும், என்று அதற்குப் பெயர். பின்னர் ஏர்வாடிக்கும் அதே முறை வந்தது. மருந்தை மறுக்கும் குடும்பம், பாதுஷாவின் வாசலில் வைத்துத் தரும்போது மறுப்பதில்லை. தவ்ஹீத் தம்பிக்கு இதில் கொள்கை நெருடல் இருக்கும், அது அவர் உரிமை. தர்கா வாசலுக்கு அவர் வர வேண்டியதில்லை, தன் மர்கஸிலிருந்து மருத்துவரிடம் அனுப்பினால் போதும்.

தேவை எவ்வளவு என்பதும் தெரிந்ததே. நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015–16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில், வயதுவந்தோரில் 10.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு மனநலக் கோளாறோடு இருந்தார்கள். பெரும்பாலான கோளாறுகளில் பத்தில் ஏழு பேருக்கும் மேல் சிகிச்சை கிடைக்கவில்லை. சென்னையில் மனநோய்க்கென்று முதல் இல்லம் 1794-இலேயே தொடங்கியது, அதன் வழிவந்ததே இன்றைய கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம். மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பு, மனநோய் பற்றிய திரைப்பட விழாவே நடத்துகிறது. மருத்துவமும் சினிமாவும் அங்கே சந்தித்துவிட்டன. பள்ளிவாசல் இன்னும் சந்திக்கவில்லை.

ஜின் உடலில் புகுமா என்ற வாதம் இன்னும் ஆயிரம் ஆண்டு நடக்கட்டும். சினிமா ஹலாலா ஹராமா என்பதும் நடக்கட்டும். நோயாளியைக் கட்டக்கூடாது, அடிக்கக்கூடாது, மருத்துவம் மறுக்கக்கூடாது, தனியே விட்டுப் போகக்கூடாது என்ற நான்கிலும் சுன்னத் ஜமாஅத்துக்கும் தவ்ஹீதுக்கும் மருத்துவருக்கும் எந்தக் கருத்துவேறுபாடும் இருக்க முடியாது. தமிழகத்தின் எல்லா ஜமாஅத்துகளிடமும் ஒரு வேண்டுகோள்: ஆண்டுதோறும் ஆகஸ்ட் 6-ஐ ஒட்டி வரும் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ பயானை மனநோய்க்கென்று ஒதுக்குங்கள். ஏர்வாடியில் இறந்த 28 பேரையும் மதம் பார்க்காமல் நினைவுகூருங்கள். பேசி முடித்ததும் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஓர் எண்ணை எழுதிவையுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண் 14416, இரவும் பகலும் அழைக்கலாம்.